மருத்துவர் பதில்: கஷாயம் தொடரலாம், தேனையும் அதிமதுரத்தையும் நிறுத்துங்கள்

கேள்வி: என் மாமியாருக்குக் கைவைத்தியம் அத்துப்படி. வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் அவருடைய கஷாயம்தான். என் ஒன்பது மாதக் குழந்தைக்குச் சளி பிடித்தால் துளசிச் சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவுகிறார். மாமனாருக்கு 67 வயது. போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். கூடவே காலையில் நாலைந்து பல் பச்சைப் பூண்டு, மூட்டுவலிக்கு மஞ்சள் கேப்சூல், தொண்டைக் கரகரப்புக்கு நாள் முழுக்க வாயில் அதிமதுரம். கொஞ்ச நாளாக அவருக்குப் பிரஷர் இறங்கவே மாட்டேன் என்கிறது, காலும் வீங்குகிறது. மாமியார் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிப்ரைடு சாப்பிடுகிறார், வெந்தயமும் ஊறவைத்துக் குடிக்கிறார். "எல்லாம் இயற்கையானதுதானே, பக்கவிளைவு எங்கே வரும்" என்கிறார் கணவர். எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும்? எனக்குப் பல்வலி வந்தபோது கிராம்பு வைத்தேன், கேட்டது. அப்படியே விட்டுவிடலாமா? சூடு பட்ட இடத்தில் மஞ்சள் பூசுவது சரியா?

பதில்: முதலில் குழந்தை. தேனை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ஒரு வயது முடியும்வரை நாக்கில் தடவுவதும்கூட வேண்டாம். தேனில் சில சமயம் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர்களின் குடலில் ஏற்கெனவே வாழும் நல்ல கிருமிகள் அவற்றை முளைக்க விடாது. கைக்குழந்தையின் குடலில் அவை இன்னும் போதிய அளவு சேர்ந்திருக்காது. வித்து முளைத்து நஞ்சு சுரந்தால் தசைகள் தளர ஆரம்பிக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் உறிஞ்சத் திணறல், ஈனமான அழுகை, சரியும் இமைகள், நிற்காத கழுத்து என்று போகும். தேனைக் காய்ச்சிக் கொடுத்தால் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. அடுப்பில் கொதிக்கிற சூட்டுக்கு அந்த வித்துகள் சாவதில்லை.

இதுவரை கொடுத்ததை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இது அரிதான நோய். தேன் சாப்பிட்ட பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. மேலே சொன்ன அறிகுறி ஏதாவது தெரிந்தால் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், தேன் கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு வயது தாண்டிய பிறகு இதே தேன் நல்ல மருந்துதான். இரவு இருமலுக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் கொடுத்தால் இருமலும் குறையும், குழந்தையும் தூங்கும்.

துளசிச் சாறு ஒன்பது மாதக் குழந்தைக்குத் தேவையில்லை. சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போய்விடும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் பால், இவ்வளவு போதும். மூக்கில் எண்ணெயோ இலைச்சாறோ விடாதீர்கள். நுரையீரலுக்குள் இறங்கினால் அது வேறு வம்பு. கற்பூரம், மென்தால் கலந்த தைலங்களை இரண்டு வயதுவரை மார்பிலும் தடவ வேண்டாம், மூக்கருகிலும் கொண்டுபோக வேண்டாம்.

கஷாயமா, மருத்துவரா என்று குழம்பும்போது குழந்தையின் மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது, தூங்கும்போது என்றால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள்; குழந்தையின் மூச்சு சீராக இருக்காது, கணக்குத் தப்பும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வெறும் சளி இல்லை. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும் அப்படித்தான். உடனே கிளம்ப வேண்டும்.

சரி, மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அவர் வாயில் போட்டுக்கொள்ளும் அதிமதுரம்தான். பார்க்கச் சாதுவான வேர். தொண்டைக்கு இதமாகவும் இருக்கும், அதில் பொய்யில்லை. ஆனால் அதில் கிளைசிரைசின் என்ற பொருள் இருக்கிறது, அந்த இனிப்பே அதனால் வருவதுதான். நம் சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி உண்டு. கிளைசிரைசின் அதை முடக்கிவிடும். அப்புறம் கார்டிசால் அடங்காமல் வேலை செய்ய, உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரஷர் ஏறும், கால் வீங்கும், தசை சோர்ந்துபோகும். பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தடம் மாறும். அமெரிக்காவில் தினமும் பொட்டலம் பொட்டலமாக அதிமதுர மிட்டாய் தின்ற ஒருவர் இதயம் நின்று இறந்துபோனார். 2020இல் மருத்துவ இதழில் வெளியான செய்தி அது. ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினுக்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய ஆலோசனை. நாள் முழுக்க வேரை மெல்பவர் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்.

அவருடைய பிரஷர் இறங்காததற்கும் கால் வீக்கத்துக்கும் இதுதான் காரணம் என்று பார்க்காமலே அடித்துச் சொல்ல மாட்டேன். இதயமும் சிறுநீரகமும் காரணமாக இருக்கலாம், சில பிரஷர் மாத்திரைகளாலும் கால் வீங்கும். ஆனால் அதிமதுரத்தை இன்றே நிறுத்திவிட்டு இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிரஷர் மாத்திரையில் சிறுநீர் போக்கும் மருந்தும் சேர்ந்திருந்தால் அதுவும் தன் பங்குக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். வேரை நிறுத்திய பிறகும் அதன் வேலை அடங்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். படபடப்போ, மயக்கமோ, எழுந்து நிற்க முடியாத தளர்ச்சியோ இருந்தால் வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அப்போதே மருத்துவமனை. இன்னொன்று, "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா" என்று மருத்துவர் கேட்டால் பெரியவர்கள் "ஒன்றும் இல்லையே" என்பார்கள். பொய் சொல்வதில்லை, அதிமதுரம் அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. நீங்கள் கூடப் போய்ச் சொல்லுங்கள்.

அடுத்து மஞ்சள் கேப்சூல். சமையல் மஞ்சளைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. மஞ்சள்தூளில் குர்குமின் என்ற மருந்துப் பொருள் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்குதான், அதிலும் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே போய்விடும். கேப்சூல் வேறு ஜாதி. 95 சதவீதக் குர்குமின் சாரம் 500 மில்லிகிராம் அடைத்த ஒரு கேப்சூல், சுமார் 15 கிராம் மஞ்சள்தூளுக்குச் சமம். அதோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரினும் சேர்த்து விற்கிறார்கள். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் குர்குமின் ஏறக்குறைய இருபது மடங்கு கூடியது. இதையே பெருமையாக அட்டையில் அச்சடிக்கிறார்கள். மருத்துவனாக எனக்கு அங்கேதான் கவலை. உடம்பு ஏற்காமல் தள்ளிக்கொண்டிருந்த ஒன்றை வலுக்கட்டாயமாக உள்ளே ஏற்றுகிறோம். இப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் அரசே எச்சரிக்கை விட்டது. ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் சாப்பிடுகிற உங்கள் மாமனாருக்கு ரத்தக்கசிவு பயமும் சேர்கிறது. நிறுத்திவிடலாம். மூட்டுவலிக்கு வேறு வழி உண்டு, ஆனால் அவராகக் கடையில் வலிமாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. அது கேப்சூலைவிட மோசம்.

பூண்டும் இதே கதைதான், கொஞ்சம் சாதுவான வடிவில். பல்லை நசுக்கும்போதோ மெல்லும்போதோ அலிசின் என்ற பொருள் உருவாகிறது, காரமும் நெடியும் அதனால்தான். அதற்கு ரத்தம் உறைவதைச் சற்றுத் தடுக்கும் குணம் உண்டு. வேகவைத்தால் அதை உருவாக்கும் நொதி செத்துவிடும். ஆகவே சமையலில் பூண்டை எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள். வெறும் வயிற்றில் நாலைந்து பச்சைப் பல் அவருக்கு வேண்டாம். பல் பிடுங்குவது, அறுவை சிகிச்சை எது இருந்தாலும் பூண்டுப் பழக்கத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: "பூண்டு இருக்கிறதே, மாத்திரை எதற்கு" என்று ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ அவர் ஒரு நாளும் விட்டுவிடக் கூடாது. ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிவிட்டால் மாரடைப்புத்தான்.

மாமியாரின் வெந்தயம் தொடரட்டும். ஊறியதும் வழவழப்பாக வருகிறதே, அந்த நார்ச்சத்துதான் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது. பலன் சிறியது, ஆனால் உண்மையானது. அதே வழவழப்பு மாத்திரையையும் தாமதப்படுத்தலாம் என்பதால் இரண்டுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். கிளிமிப்ரைடு தானாகவே சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கக்கூடிய மருந்து. வெந்தயமும் சேர்ந்து, சாப்பாடும் தள்ளிப்போனால் கைநடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வரும். உடனே சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுங்கள். அடிக்கடி வந்தால் மாத்திரை அளவை மருத்துவர் குறைப்பார். காய்களைச் சாறு பிழிந்து குடிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தால் ஒரு வார்த்தை: சுரைக்காய்ச் சாறு கசந்தால் விழுங்காமல் துப்பிவிட வேண்டும். கசப்பு அதிகமானால் மருந்துக் குணமும் அதிகம் என்று நினைத்துக் குடித்து, ரத்த வாந்தியோடு வந்தவர்களும் இறந்தவர்களும் உண்டு. அந்தக் கசப்பே குக்கர்பிட்டசின் என்ற நஞ்சு.

மற்றபடி இஞ்சி, மிளகு, துளசி, ஓமம் போட்ட அவருடைய கஷாயத்தில் நான் கை வைக்கப் போவதில்லை. சளியை அது ஒரு நாள்கூட முன்னதாக விரட்டாது. ஆனால் சூடான எதுவுமே தொண்டைக்கு இதம், உடம்பில் நீர் சேரும். குமட்டலுக்கு இஞ்சி நன்றாகவே வேலை செய்கிறது, கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம், சுக்குத்தூளாக என்றால் நாளுக்கு ஒரு கிராமுக்குள். ஓமத்தில் இருக்கும் தைமால் கிருமிக்கொல்லி, வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் அதைச் சேர்க்கிறார்கள்.

இயற்கை என்ற உங்கள் கணவரின் வாதத்துக்கு ஒரே ஒரு பதில். இதயத்துக்குக் கொடுக்கும் டிஜாக்சின் ஒரு செடியின் இலையிலிருந்து வந்தது. அளவு கொஞ்சம் கூடினால் அதுவே இதயத்தை நிறுத்திவிடும். வேலை செய்யும் எதற்கும் வேண்டாத வேலையும் இருக்கும். சாப்பாட்டில் சேர்க்கிற அளவு வேறு, சாரமாக எடுத்து நாள் தவறாமல் விழுங்குகிற அளவு வேறு.

கிராம்பு பல்வலிக்குக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. அதில் உள்ள யூஜினால் நரம்பை மரக்கச் செய்யும். பல் மருத்துவர்களே தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் கலவையில் அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் சொத்தை அங்கேயேதான் இருக்கிறது. வலி போனதை வைத்து விட்டுவிடாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். கிராம்புத் தைலம் வீட்டில் இருந்தால் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். சில மில்லி உள்ளே போனாலே கல்லீரல் பாதிக்கும், வலிப்பும் வரும்.

சூட்டுக் காயத்தில் மஞ்சள், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஓடவிடுங்கள். ஐஸ் வைக்காதீர்கள். வளையல், மோதிரத்தை வீங்கும் முன்பே கழற்றிவிடுங்கள். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மூட்டுப் பகுதியில் பட்டிருந்தாலோ, காயம் பட்டது குழந்தைக்கு என்றாலோ சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள். மஞ்சள் பூசிக்கொண்டு வந்தால் காயம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க அதை நாங்கள் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும், அந்த வலி தேவையில்லாதது.