பெட்டிக்குள் இறுகிய கீல்: கேள்வியும் பதிலும்

யாழ்ப்பாணக் கடனீரேரியில் பெரும்பாலான இடங்களில் 2 மீற்றர் ஆழம்கூடக் கிடையாது. அதனால் இங்கே பாய்ப்படகு ஓட்டுகிறவருக்குத் தூக்கு கீல் பெரிய உதவி. கீல் என்பது படகின் அடியில் நீட்டி நிற்கும் தகடு. தூக்கு கீலை வின்ச் என்ற சுருட்டுருளையில் கம்பிக்கயிற்றைச் சுற்றி, அடியிலுள்ள வெட்டு வழியாகப் படகுக்குள் இருக்கும் பெட்டிக்குள் ஏற்றலாம். ஆழத்தில் இறக்கி ஓடலாம், திடல் வந்தால் ஏற்றிக்கொள்ளலாம். அது இறுகிப்போனால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். படகு திருத்துவதே என் தொழில். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணை, மண்டைதீவுப் பக்கம் திடலில் தட்டினதிலிருந்து என் படகின் கீல் இறங்கினபடியே நிற்கிறது. வின்சைச் சுற்றினால் கம்பிக்கயிறு விறைக்கிறது, கீல் அசையவில்லை. இன்னும் பலமாகச் சுற்றலாமா?

வேண்டாம் தம்பி. விறைத்த கம்பி அறுந்தால் சாட்டை மாதிரித் திரும்பி அடிக்கும். முகத்தில் பட்டால் கண் போய்விடும். வின்சை விட்டுவிட்டு, முதலில் பூட்டாணியைப் பாருங்கள். பல படகுகளில் இறக்கிய கீல் ஆடாமலிருக்க ஓர் ஆணி போட்டுப் பூட்டியிருப்பார்கள். அதைக் கழற்ற மறந்துவிட்டு அரைநாள் மல்லுக்கட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆணி இல்லையென்றால் இயந்திரத்தை நிறுத்தி, நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் பாருங்கள். தகடு ஒரு பக்கம் வளைந்திருக்கிறதா, வெட்டுக்குள் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே விரலை மட்டும் விடக்கூடாது. தகடு நேராக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். கீலின் அடி நுனியில் ஒரு கயிற்றைச் சுருக்குப் போட்டு மாட்டி, அதைப் படகின் பின்பக்கமான பின்னணியத்துக்குக் கொண்டுவந்து பின்னோக்கி இழுங்கள். முன்பக்க அச்சாணியில் சுழன்று ஏறுகிற கீல்களுக்கு இது நல்ல வழி. நுனி அச்சாணியிலிருந்து தூரத்தில் இருப்பதால், மேலிருந்து இழுக்கும் கம்பியைவிடக் குறைந்த பலம் போதும். ஒருவர் இழுக்க, இன்னொருவர் படகை இடம்வலமாக ஆட்டவேண்டும். அந்த ஆட்டத்தில்தான் பிடி விடும். வளைந்த தகடு என்றால் இழுக்கவே வேண்டாம், கரையேற்றுங்கள்.

ஒருமுறை இப்படி விடுவித்த கீலின் பக்கத்தில் பெருவிரல் நகம் அளவு மட்டிச் சிப்பித் துண்டு ஒன்று குத்துக்கு நின்றது. இழுக்க இழுக்க அது ஆப்பு மாதிரி இன்னும் உள்ளே ஏறியிருக்கிறது. கொஞ்சம் கீழே இறக்கியிருந்தால் தானாக விழுந்திருக்கும். அதனால் ஏற மறுக்கிற கீலை முதலில் ஓர் அங்குலமாவது இறக்கிப் பார்ப்பது என் வழக்கம்.

வாடைக்காற்றுக் காலம் முழுக்கக் குருநகரில் கட்டிவிட்டிருந்தேன். இப்போது கீல் உள்ளேயே ஒட்டிக்கொண்டது, இறங்கவில்லை. படகடியில் ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசு வினாகிரி ஊற்றினால் கரையும் என்கிறார்களே?

கொட்டலசின் ஓட்டை வினாகிரி மெதுவாகக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீரில் நிற்கிற படகில் ஊற்றினால் கடலோடு கலந்து போய்விடும். கரையில் வெட்டை அடைத்துவிட்டு ஊற்றினால் இரும்பையும் அரிக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினால் கொட்டலசு சாகும், ஓடு ஒட்டினபடிதான் இருக்கும். சுரண்டத்தான் வேண்டும் ஐயா.

நான் பனஞ்சலாகையை மெல்லிதாகச் சீவி எடுப்பேன். வைரமான மரம், முறியாது, படகின் பைபரையும் (கண்ணாடியிழை) கீறாது. பெட்டியின் மேல் மூடியைத் திறந்து, இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாகச் சுரண்டிக்கொண்டே குழாய்த் தண்ணீரை அடியுங்கள். இரும்பு வாளை உள்ளே விட்டால் பைபரின் மேல்பூச்சு கிழியும், பிறகு அது தண்ணீர் குடிக்கும்.

இந்த நேரம் முழுக்கக் கம்பிக்கயிறு விறைப்பாகவே இருக்கட்டும். ஒட்டியிருந்த கீல் சட்டென்று விட்டால் முழுப் பாரத்தோடும் விழும். அச்சாணி முறியும், பெட்டி வெடிக்கும்.

இறங்காவிட்டால் பரவாயில்லை என்று அப்படியே பாய் விரித்து ஓடலாமா?

கூடாது. பாரமான கீல் என்றால் படகு கவிழாமல் நிமிர்த்துவதே அதுதான். இயந்திரத்தில் மெதுவாகக் கரைக்கு வாருங்கள்.

நான் இங்கிலாந்தில் எசெக்ஸ் கரையில் படகு வைத்திருக்கிறேன். வற்றுக்கு விட்டு அடியைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஊரில் எப்படிச் செய்வீர்கள்?

உங்களுக்கு அங்கே கடல் பல மீற்றர் வற்றும், படகு தானாகத் தரையில் அமரும். எங்களுக்கு வற்றும் பெருக்கும் ஒரு மீற்றர்கூட இல்லை, அதனால் கரைக்கு இழுத்துப் பனங்குற்றியில் ஏற்றுகிறோம். ஆனால் ஒன்று. மென்சேற்றில் அமர்ந்தால் கீல் வெட்டு முழுக்கச் சேறு ஏறிவிடும், அடியும் தெரியாது. கெட்டியான மணல் தரையாகத் தேடுங்கள்.

கொட்டலசும் இல்லை, சேறும் இல்லை. வார்ப்பிரும்புக் கீல், கறள்தான். என்ன செய்வது?

இதுதான் பொல்லாதது. கறள் பிடித்த இரும்பு பல மடங்கு ஊதி, அடுக்கடுக்காகப் பெட்டியை நெருக்கும். அச்சாணிக்குக் கறள் இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடலாம். பைபருக்குப் பக்கத்தில் நெருப்பு காட்டாதீர்கள். அதிலும் விடாவிட்டால் கீலைக் கழற்றவேண்டியதுதான். படகை உயர்த்தி, பக்கங்களில் நன்றாக முட்டுக் கொடுத்து, கீலுக்கு அடியில் பழைய டயர்களை அடுக்கி, அதன் மேல் இறக்குங்கள். முட்டுக் கொடுக்காத படகுக்கு அடியில் ஒருவரும் படுக்கக்கூடாது. வெள்ளி மாதிரி மினுங்கும்வரை கறளைத் தேய்த்து, அன்றைக்கே எபொக்சி பூசவேண்டும். எங்கள் உப்புக்காற்றில் ஓரிரவு விட்டாலே மறுபடி சிவக்கும். தடிப்பாகப் பூசினால் பூச்சே இறுக்கும், அதனால் பூசுமுன் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.

வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை ஓடினதே. அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லையே?

அது பெருங்கடலுக்கென்று கட்டின கப்பல். ஏராக்கட்டையை, அதாவது அதன் கீலை, அடியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள், அசையும் பாகமே இல்லை. அந்தக் கைவேலையை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமைதான். ஆனால் பண்ணைப் பாலத்தடியில் ஓடுகிற சின்னப் படகுக்குத் தூக்கு கீல்தான் சரி.

இனி இறுகாமலிருக்க?

ஓடாவிட்டாலும் வாரம் ஒருமுறை முழுக்க ஏற்றி இறக்குங்கள். அப்படியே கம்பிக்கயிற்றை ஒரு பழந்துணியால் தடவிப் பாருங்கள். கப்பிக்குள் ஓடுகிற இடத்தில் துணியின் நூல் மாட்டி இழுபட்டால், அங்கே இழை அறுந்திருக்கிறது. அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.