களிமண் தட்டுச் சுடுதலுக்குத் தோட்டாக் கூடு தேர்ந்தெடுப்பது: கேள்வி பதில்

சுட்டு முடித்த ஷாட்கன் தோட்டாவின் கூட்டில் புதிய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்), வெடிமருந்து, மருந்துக்கும் ரவைக்கும் இடையே நிற்கும் வாட் எனப்படும் தக்கை, ஈய ரவை ஆகியவற்றை இட்டு மீண்டும் பயன்படுத்துவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். இவை பெரும்பாலும் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப், ஸ்கீட் ஆட்டங்களில் பயன்படும் 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் உள்விட்ட அளவு), இரண்டே முக்கால் அங்குலக் கூடுகளைப் பற்றியவை.

கேள்வி: சுடுதளத்தில் பல நிறுவனங்களின் காலிக் கூடுகள் கிடக்கின்றன. அளவு ஒன்றுதானே, எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாமா, ஐயா?

பதில்: முதலில் தளத்தின் விதியைக் கேளுங்கள், கீழே விழுந்த கூடு தளத்துக்கே உரியது என்று சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். அனுமதி உண்டு என்றாலும் எல்லாவற்றையும் கலந்து சேர்க்கக் கூடாது. வெளியே ஒரே அளவாகத் தோன்றும் இரண்டு கூடுகளை நெடுக்குவாட்டில் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றின் அடித்தக்கை (கூட்டின் அடியை உள்ளே நிரப்பும் பகுதி) தாழ்ந்திருக்கும், மற்றொன்றில் உயர்ந்திருக்கும். ஒன்றின் சுவர் அடிநோக்கித் தடித்துக் குறுகிச் செல்லும், மற்றொன்றின் சுவர் மேலிருந்து கீழ்வரை நேராக இறங்கும். ஆக, உள்ளே உள்ள இடம் வேறுபடுகிறது. அதே மருந்தை, அதே எடையில், இடம் குறைந்த கூட்டில் அடைத்தால் அழுத்தம் ஏறும். 12 கேஜின் இந்த நீளத்துக்கு அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பான சாமி (SAAMI) வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. வெடிமருந்து நிறுவனங்கள் வெளியிடும் மருந்தளவு அட்டவணைகள், கூடு, பிரைமர், வாட், ரவை எடை ஆகிய நான்கையும் பெயர் குறிப்பிட்டு அளந்தவை என்பதால், கூட்டை மாற்றினால் அந்த அட்டவணை உங்களுக்கு உரியது அல்ல. எனவே எளிதில் நிறையக் கிடைக்கும் ஒரு வகையைத் தேர்ந்து, அதிலேயே நிலைத்திருங்கள்.

கேள்வி: அதிக முறை தாங்கும் கூடு எது?

பதில்: என் தேர்வு ரெமிங்டனின் எஸ்டிஎஸ். அதே குடும்பத்தைச் சேர்ந்த கன் கிளப், நைட்ரோ 27 ஆகியவையும் நல்லவை. குறுகிச் செல்லும் சுவரும், எட்டு மடிப்பு வாயும் கொண்ட இவை பலமுறை மடித்த பின்னும் வாய் ஒழுங்காக மூடுகின்றன. ரியோ, செடைட் போன்ற நேர்சுவர்க் கூடுகள் தரக்குறைவானவை அல்ல. ஆனால் அவற்றின் வாய் விரைவில் களைத்துவிடும், அவற்றுக்கு நேர்சுவருக்கென்று செய்த வாட் வேண்டும். குறுகிச் செல்லும் சுவருள்ள கூட்டுக்கான வாட்டை நேர்சுவர்க் கூட்டில் இட்டால், அடியில் வாயு கசிந்து சுடும் வேகம் ஒரே சீராக இராது.

கேள்வி: என்னிடம் வின்செஸ்டர் ஏஏ கூடுகள் பழையவையும் புதியவையும் உள்ளன. இரண்டும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. 1965-இல் அறிமுகமான ஏஏ, சுவரும் அடியும் ஒரே துண்டாக அழுத்தி உருவாக்கப்பட்டதாக நெடுங்காலம் இருந்தது. 1990-களின் இறுதியில் வந்த எச்எஸ் வகையில் அடித்தக்கை தனித் துண்டு. நான் இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்திருக்கிறேன். தனித் தக்கை உள்ள எந்தக் கூட்டிலும், ஒவ்வொரு முறையும் விளக்கொளியில் உள்ளே பார்த்து, தக்கை அசையாமல் அமர்ந்திருக்கிறதா என்று உறுதிசெய்வது இன்றியமையாதது. தளர்ந்த தக்கை சுடும்போது கழன்று குழலில் சிக்கினால், அடுத்த தோட்டா அந்தக் குழலையே பிளந்துவிடும். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால், உடனே சுடுவதை நிறுத்தி, துப்பாக்கியைக் காலிசெய்து, குழலின் ஊடே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்பதற்காக இதைத் தவிர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: கூட்டின் அடியில் வெளியே தெரியும் பித்தளைப் பகுதி உயரமாக இருந்தால் கூடு வலுவானது என்கிறார்களே?

பதில்: உயரத்துக்கும் வலிமைக்கும் தொடர்பில்லை. பல கூடுகளில் அது பித்தளை முலாம் பூசிய எஃகுதான்; காந்தம் ஒட்டினால் தெரிந்துவிடும். எஃகு, சுட்டபின் பித்தளை அளவுக்குச் சுருங்கித் திரும்பாது என்பதால், அடிப்பகுதியை அழுத்தி முழுமையாகப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையில் இறுகி நிற்கும்.

கேள்வி: புதிய பிரைமர் விரலால் தள்ளினாலே உள்ளே போய்விடுகிறது. இயந்திரத்தின் குறையா?

பதில்: பெரும்பாலும் கூட்டின் வரலாறுதான் காரணம். செடைட் பிரைமர், 209 எனப்படும் வழக்கமான ஷாட்கன் அளவிலான அமெரிக்கப் பிரைமர்களைவிடச் சற்றுப் பருத்தது. ஒருமுறை அதைப் பொருத்திய குழி விரிந்துவிடுவதால், பிறகு வின்செஸ்டர் பிரைமர் அதில் தளர்ந்தே இருக்கும். இப்படிப்பட்ட கூட்டைக் கழித்துவிடுங்கள், அல்லது தொடக்கத்திலிருந்தே அந்த வகைப் பிரைமருக்கென்று ஒதுக்கிவையுங்கள். அப்போதும் அந்தப் பிரைமரைக் குறிப்பிடும் அட்டவணையையே பின்பற்றுங்கள்.

கேள்வி: ஒரு கூட்டை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

பதில்: எண்ணிக்கையை நம்பாமல் கண்ணை நம்புங்கள். வாயின் மடிப்புகளில் வெடிப்பு, சுவரில் ஊசித்துளை, உலோகமும் பிளாஸ்டிக்கும் சேருமிடத்தில் விலகல், அடியில் கருகிய குழி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்தக் கூட்டுக்கு விடைகொடுத்துவிட வேண்டும். மடித்த வாயின் நடுவில் ரவை வெளியேறும் அளவு துளை விழுவதும் அப்படியே. ஒரே தொகுதியை ஒன்றாகவே சுட்டு ஒன்றாகவே நிரப்பினால், அது களைக்கத் தொடங்குவது தானாகத் தெரியும்.

கேள்வி: மழையில் நனைந்தவை?

பதில்: பிளாஸ்டிக் அடித்தக்கை என்றால் நிழலில் நன்கு உலர்த்திப் பயன்படுத்தலாம். காகித அடித்தக்கை நீரை உறிஞ்சி உப்பிவிடும். அவற்றை எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: 20 கேஜ் கூடுகளையும் அதே மேசையில் நிரப்பலாமா?

பதில்: ஒரே வேளையில் வேண்டாம். நிரப்பிய 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் விழுந்தால், அறையைத் தாண்டிச் சென்று முன்னே சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவும் தடையின்றி நுழையும். 20 கேஜ் கூடுகளுக்கு மஞ்சள் நிறம் தருவது இதற்காகவே. ஒன்றை முடித்துப் பெட்டியில் அடுக்கி, மேசையைத் துடைத்த பிறகு மற்றதை எடுங்கள்.