மருமகன்களும் நிருபர்களும்

அன்பின் ஐயா,

பத்திரிகைக் குடும்பங்களின் வரலாறுகளை விரும்பி வாசிப்பதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். நானும் இரண்டை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிவிழா மலர் வாசித்தது போல இருந்தது. தாத்தா கஷ்டப்பட்டார், அப்பா வளர்த்தார், பேரன் கணினி வாங்கினார். இவற்றை எவ்வளவுக்கு நம்பலாம்? எங்கே தொடங்கலாம்? திருகோணமலையில் இருக்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது?

ம., உவர்மலை

அன்பின் ம. அவர்களுக்கு,

வெள்ளிவிழா மலர் என்று நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மலர்களிலும் பொய் சொல்லாத ஓர் இடம் உண்டு. அது பணம் கைமாறும் இடம். 1878 இல் சென்னையில் ஆறு இளைஞர்கள் ஒரு ரூபா பன்னிரண்டு அணாவைக் கடன் வாங்கி ‘தி இந்து’வின் முதல் இதழில் எண்பது பிரதிகள் அச்சிட்ட கதையை எல்லோரும் சொல்வார்கள். 1905 இல் அதே பத்திரிகையை அதன் சட்ட ஆலோசகராக இருந்த கஸ்தூரி ரங்க ஐயங்கார் 75,000 ரூபாவுக்கு வாங்கியதையும் சொல்வார்கள். இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையில் இருக்கும் மனிதர் ஜி. சுப்பிரமணிய ஐயர்; ஆறு பேரில் ஒருவர், முதல் ஆசிரியர், 1882 இல் சுதேசமித்திரனைத் தொடங்கியவர், விதவையான தன் மகளுக்கு மறுமணம் செய்துவைத்து உறவினரின் விலக்கை ஏற்றவர். அவர் 1898 இல் ‘இந்து’வை விட்டு விலகிவிட்டார். இன்று நாம் அந்தப் பத்திரிகையின் குடும்பம் என்று சொல்வது தொடங்கியவரின் குடும்பத்தை அல்ல, வாங்கியவரின் குடும்பத்தை.

நம்பகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நூலை எழுதியவர் யாரிடம் சம்பளம் வாங்கினார் என்று முதலில் பாருங்கள். கொழும்புப் பத்திரிகை நிறுவனமான லேக் ஹவுஸை நிறுவிய டி. ஆர். விஜேவர்தனவின் வாழ்க்கையை 1960 இல் எழுதிய எச். ஏ. ஜே. ஹுலுகல்ல, அவரிடமே டெய்லி நியூஸ் ஆசிரியராக இருந்தவர். ஆகவே கடுமையான விமர்சனத்தை அங்கே தேடிப் பயனில்லை. ஆனாலும் அதை நான் இரண்டு முறை வாசித்ததற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நாளிதழ் நடத்திய ஒருவர் 1932 இல் தமிழில் தினகரனைத் தொடங்குகிறார். ஆவணிப்பட்டி சுப்பிரமணியம் செட்டியாரின் வீரகேசரி வந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா விரித்து வைத்திருந்த தாளின் பின்னால் எந்தக் குடும்பம் இருந்தது என்பதை அந்த நூல்தான் எனக்குச் சொன்னது. இன்னொன்று, அது முடிவு தெரியாமல் எழுதப்பட்ட நூல். 1973 இல் அரசாங்கம் அந்த நிறுவனத்தைக் கையகப்படுத்தப் போகிறது என்பதை அறியாத நிதானத்தோடு அதன் பக்கங்கள் நகர்கின்றன.

விஜேவர்தன 1950 இல் இறந்தபின் நிறுவனத்தை நடத்தியவர் அவருடைய மருமகன் எஸ்மண்ட் விக்கிரமசிங்க; ஜனாதிபதியாக இருந்த ரணிலின் தந்தை. இதே போன்ற ஒரு மருமகன் விவகாரத்தை உள்ளிருந்தே எழுதியவர் அமெரிக்காவின் கதரின் கிரகாம். அவருடைய தந்தை 1933 இல் வாஷிங்டன் போஸ்ட்டை ஏலத்தில் 825,000 டொலருக்கு வாங்கினார். பின்னர் பங்குகளைப் பிரித்தபோது பெரும்பகுதியை மகளுக்குக் கொடுக்காமல் மருமகன் பிலிப்புக்குக் கொடுத்தார். மனைவியிடம் ஒரு கணவன் வேலை செய்யக் கூடாதாம். அது தனக்கு அப்போது தவறாகவே தோன்றவில்லை என்று கதரின் ‘Personal History’ என்ற தன்வரலாற்றில் எழுதுகிறார். கணவரின் மனநோயையும், 1963 இல் அவர் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்ததையும், அதன்பின் நிறுவனத்தை ஏற்று நடத்தியபோது கூட்டங்களில் வாய் திறக்கவே பயந்த தன்னையும் அவர் மறைக்கவில்லை. ஜனாதிபதி நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலின் கதைக்காகவே எல்லோரும் அந்த நூலை எடுக்கிறார்கள். எனக்கோ அதன் முதற்பாதியே பெரிது. நீங்கள் அங்கே தொடங்கலாம்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இந்த நூல்கள் எல்லாவற்றிலும் முதலாளி இருப்பார், ஆசிரியர் இருப்பார். வெளியூர் நிருபர் இருக்க மாட்டார். எங்கள் பெரியப்பா ஒருவர் கொழும்புப் பத்திரிகை ஒன்றின் திருகோணமலை நிருபராக இருந்தார். எழுதிய செய்தியை இரவு ரயிலில் அனுப்புவார். வெளிவந்த செய்திகளைக் கத்தரித்து ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒட்டி, அடிமட்டம் வைத்து அளந்து, ஓரத்தில் அங்குலக் கணக்கைப் பென்சிலால் எழுதுவார். மாத முடிவில் அந்தக் கணக்குக்குத்தான் காசு. கோணேசர் கோயில் திருவிழாச் செய்தி நான்கு அங்குலம். துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒன்றரை. கணக்கை அனுப்பினாலும் பல மாதங்கள் காசு வராது. ஆசிரியபீடத்தில் யார் இருக்கிறார் என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

நமது ஊரில் அந்த வேலையின் விலை அங்குலக் கணக்கோடு நிற்கவில்லை. 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. உடல்களில் இருந்த சூட்டுக் காயங்களைப் படமெடுத்து அந்தக் கூற்றைப் பொய்யாக்கியவர் சுடர் ஒளி பத்திரிகையின் பகுதிநேரச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24 ஆம் திகதி காலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பத்திரிகையின் வரலாற்றை நான் கையில் எடுத்தால், இப்போதெல்லாம் பின்னால் இருக்கும் பெயர் அகராதியைத்தான் முதலில் திறக்கிறேன்; வெளியூர் நிருபர்களின் பெயர் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் முதல் அத்தியாயத்துக்குப் போகிறேன்.

ஹுலுகல்லவின் நூல் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. அட்டை கழன்றுவிட்டது, பக்கங்கள் முழுமையாக உள்ளன. உவர்மலையில் இருந்து இறங்கி வரும் ஒரு மாலையில் வந்து எடுத்துச் செல்லுங்கள். பெரியப்பாவின் கொப்பிகளில் எஞ்சிய இரண்டையும் எடுத்து வைக்கிறேன். அவற்றை இரவல் தர மாட்டேன், இங்கேயே இருந்து பார்க்கலாம்.