கரகத்துக்குள் இருப்பது

அன்புள்ள ஐயா,

பள்ளி ஆண்டு விழாவில் என் மகள் கரகாட்டம் ஆடினாள். ஆடுவதற்கு முன் ஆசிரியை மைக்கில் விளக்கம் சொன்னார்: குடம் நம் உடல், உள்ளே இருக்கும் நீர் உயிர், மேலே உள்ள கிளி ஆன்மா, தலையில் வைத்து ஆடுவது குண்டலினி உச்சிக்கு ஏறுவதைக் குறிக்கிறது என்று. வீட்டுக்கு வந்ததும் என் மாமியார், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, குடத்துல ஆத்தா இருக்கா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். எது சரி?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி. உடம்பைக் குடமாகப் பார்ப்பது சித்தர் பாடல்களிலேயே இருக்கிறது, ஆசிரியை அதைச் சொன்னதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் 'குறிக்கிறது' என்றார், உங்கள் மாமியார் 'இருக்கா' என்றார். எனக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம்.

சக்திக்கரகம் வேறு, ஆட்டக்கரகம் வேறு. உங்கள் மகள் ஆடியது ஆட்டக்கரகம். பித்தளையோ செம்போ, எடைக்கு உள்ளே அரிசி அல்லது மண் போட்டு, உச்சியில் கிளி வைத்து ஆடுவது. கோயில் காரியத்துக்கு எடுப்பது சக்திக்கரகம், அதில் நீர்தான் எல்லாம்.

எங்கள் ஊரில் மாரியம்மன் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கும் பூசாரி ஆற்றுக்குப் போவார். பங்குனியில் ஆற்றில் தண்ணீர் ஏது? மணலில் ஊற்றுத் தோண்டி, ஊற ஊறச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள், குடம் நிறைய ஒரு மணி நேரம்கூட ஆகும், அதுவரை யாரும் பேசமாட்டார்கள். மாரி என்றால் மழைதானே? வெயில் கொளுத்தும் மாதத்தில், வற்றிப்போன ஆற்றில், சிரட்டை சிரட்டையாக அவளைச் சேர்க்கிறார்கள். அப்புறம் வேப்பிலையும் அரளியும் மல்லிகையும் சுற்றிக் கரகம் சோடித்து, மேலே எலுமிச்சம்பழம் வைப்பார்கள்.

கரகம் தலையில் ஏறிவிட்டால் அந்த மனிதரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தோடு வந்து அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரு வருஷம் அவரைப் பெற்ற அம்மாவே வந்து ஊற்றிவிட்டு, தெருவில் விழுந்து கும்பிட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மகன் குனிந்து தூக்கவில்லை, அந்த அம்மாவும் அதை எதிர்பார்க்கவில்லை. அதை எந்தக் குறியீட்டு விளக்கத்தில் கொண்டு போய் வைப்பது, சொல்லுங்கள்?

பெங்களூரில் சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து திரௌபதிக்காகப் புறப்படும் கரகமும் இப்படித்தான். திகளர் சமூகத்து ஆண் ஒருவர் பெண் வேடமிட்டுச் சுமக்க, வீரகுமாரர்கள் உருவிய வாளோடு கூட நடப்பார்கள். வழியில் மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் கரகம் போகும். அங்கே கூடியிருக்கும் சனங்களுக்குத் திரௌபதி வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

குடமெடுத்து ஆடுவது நமக்குப் பழையதுதான். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் 11 ஆடல்களில் கண்ணன் ஆடிய குடக்கூத்தும் ஒன்று, திருநாங்கூர் அரிமேய விண்ணகரத்துப் பெருமாளின் பெயரே குடமாடுகூத்தர். அதற்காகக் கரகம் அதிலிருந்துதான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, அப்படியானால் ஆட்டக்கரகம் வெறும் வேடிக்கையா? இல்லவே இல்லை. நையாண்டி மேளம் தொடங்கியதும் ஆடும் பெண் முதலில் தரையைத் தொட்டு, கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுத்தான் கரகத்தைத் தூக்குவார். அத்தனை கனத்தைத் தலையில் வைத்துக்கொண்டே பின்னால் வளைந்து, தரையில் கிடக்கும் ஊசியைக் கண் இமையால் எடுப்பார். அந்தப் பெண்களைப் பற்றி ஊர் பேசுகிற மட்டமான பேச்சு எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். உங்கள் மகள் ஆடிய ஆட்டத்தை இத்தனை காலம் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள், மேடையில் விளக்கம் சொல்லும்போது அவர்களைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முடிந்தால் மகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஒரு கிராமத்துத் திருவிழாவில் கரகம் கரைப்பதைப் பாருங்கள். எங்கள் ஊரில் மூன்றாம் நாள் சாயங்காலம், முளைப்பாரி பின்னால் வர, எடுத்த ஊற்றிலேயே தண்ணீரைத் திரும்ப ஊற்றுவார்கள். மணல் அதைச் சட்டென்று குடித்துவிடும். வாடின வேப்பிலையும் பூவும் கரையில் கிடக்கும். பூசாரி காப்பை அவிழ்த்துவிட்டு, வெறும் குடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவார். அப்போதுதான் யாராவது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "சாப்டியாப்பா?" என்று கேட்பார்கள்.