ஜப்பானில் பழமையான ரியோகானில் (பாரம்பரிய விடுதியில்) தங்குவது கொடுக்கும் காசுக்குத் தகுமா?

ஓர் இரவுக்குத் தகும். ஆனால் பழமை எதில் என்று முதலில் பாருங்கள். யமனாஷி மாகாணத்தின் கெய்யுன்கான் 705இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய விடுதியாகக் கின்னஸில் இருக்கிறது, கட்டடமோ புதிது. பழைய மரக் கட்டடம்தான் வேண்டுமென்றால் குன்மா மாகாணத்தின் செகிசென்கான். அதன் மூலக் கட்டடம் 1691ஆம் ஆண்டினது.

வாடகை பெரும்பாலும் ஆளுக்குத்தான், அறைக்கல்ல. இரவு உணவும் காலை உணவும் அதில் அடக்கம் என்பதால் விலையைப் பார்த்ததும் மிரள வேண்டாம். சாப்பாட்டுக்கு நேரம் குறித்துவிடுவார்கள். ஊர் சுற்றிவிட்டு ஒன்பது மணிக்குப் போய் நிற்க முடியாது.

சைவக்காரர்கள் முன்பதிவின்போதே பேசிவிடுங்கள். காய்கறிப் பண்டத்திலும் பெரும்பாலும் தாஷி என்ற மீன் சாறு கலந்திருக்கும், ‘மீன் துண்டு வேண்டாம்’ என்றால் போதாது. பொது வெந்நீர்க் குளத்தில் உடையில்லாமல்தான் இறங்க வேண்டும். கூச்சமென்றால் தனிக் குளியல் உள்ள அறையாகப் பாருங்கள்.