பேட்டரி புதுசுதான், ஆனாலும் வண்டி கிளம்பவில்லை

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2009 மாடல் பெட்ரோல் கார். ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. இரண்டு நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை. ஹெட்லைட்டும் மங்கல். என்ன செய்வது?

பதில்: மூன்றாவது பேட்டரிக்குப் பணம் எடுத்து வைக்காதீர்கள். முதலில் மல்டிமீட்டரால் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. அப்படியானால், நிறுத்திய வண்டியில் எதுவோ கரண்டைக் குடிக்கிறது.

சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்து அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அரை ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) போய்விடும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு நாள்கூடத் தாங்குவது கஷ்டம். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ, கோளாறு அந்த லைனில். மீட்டர் இணைந்திருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது வெளிக்கடையில் பொருத்திய மியூசிக் சிஸ்டம். மெமரிக்கான மஞ்சள் ஒயரோடு சாவிக்கான சிவப்பையும் முறுக்கி நேரடி லைனில் (சாவியை எடுத்தாலும் கரண்ட் வரும் லைனில்) கொடுத்திருப்பார்கள். டிக்கி விளக்கு அணையாமல் எரிகிறதா என்றும் பாருங்கள்.

ஹெட்லைட் மங்கலுக்குக் காரணம் அநேகமாக எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை வண்டியின் பாடியோடு சேர்க்கும் இணைப்பு. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே அளந்து, 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று 20 மட்டும் போட்டுவிடாதீர்கள், எரிவது ஒயராக இருக்கும்.