பாட்டியின் டப்பாவில் இரண்டு வெள்ளி

கேள்வி: சென்ற ஆண்டு தவறிப்போன என் பாட்டியின் மைலோ டப்பாவில், துணியில் சுற்றிய இரண்டு பழைய ஒரு வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ஒன்று 1903, மற்றொன்று 1907. தீபாவளிக்கு வெள்ளிச் சாமான்களைத் துலக்கும்போது அம்மா 1907ஐயும் விபூதி போட்டுத் தேய்த்துவிட்டார். 1903ஐ நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அதில் ராஜா தலை உள்ள பக்கம் மங்கிய வெண்மை. ஓரத்தில் மட்டும் பிறை மாதிரி நிறம், உள்ளே மஞ்சள், அடுத்து ஊதா, விளிம்பில் நீலம். ராஜாவின் தாடியும் கிரீடமும் கொஞ்சம் தேய்ந்திருக்கின்றன. ஒரு கடையில் காட்டினேன். “நிறம் ஏற்றிய காசு, எடைக்கு எடுத்துக்கொள்கிறேன்” என்றார். பெரியம்மா மகனோ, “கிரேடிங்குக்கு அனுப்பு, இணையத்தில் ஆயிரக்கணக்கில் போகிறது” என்கிறார். துடைக்கவா, அனுப்பவா, விற்கவா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உங்களிடம் இருப்பவை, பிரிட்டிஷ் ஆட்சியில் சிங்கப்பூர் உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களில் (ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்) புழங்கிய, எட்வர்ட் மன்னர் தலை போட்ட டாலர் காசுகள். முதலில் அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பன்னீர்ச் செம்பையும் சந்தனக் கிண்ணத்தையும் துலக்கிப் பழகிய கை, பக்கத்தில் கறுத்துக் கிடக்கும் காசை விட்டுவைக்காது. ஆனால் என்ன நடந்தது என்று நீங்களே பார்த்துவிடுங்கள். 1907ஐ மேசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், மயிரிழை போன்ற கீறல்கள் ஒரே போக்கில் ஓடுவது தெரியும். விரலுக்கு மாவாகத் தெரியும் விபூதி, வெள்ளியின் மேற்பரப்புக்கு உப்புத்தாள். காசின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் (அதுதான் கிரேடிங்) பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் அந்தக் கீறல்களைத்தான் முதலில் தேடும். கண்டால் மதிப்பெண் தராமல், ‘டீட்டெய்ல்ஸ்’ (குறையுள்ள காசு) என்று போட்டுப் பக்கத்தில் ‘கிளீன்ட்’ (துலக்கியது) என்றும் எழுதி அனுப்பிவிடும்.

1903ஐத் துடைக்கக் கூடாது. துணி, பற்பசை, வெள்ளி கழுவும் திரவம் எதுவும் வேண்டாம். நீங்கள் பார்க்கும் நிறம் அழுக்கும் இல்லை, சாயமும் இல்லை. காற்றிலும் காகிதத்திலும் துணியிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மிக மெல்லிய படலமாகிறது. மழை நாளில் கார் நிறுத்துமிடத்தில் எண்ணெய் சிந்திய தண்ணீர் வண்ணம் காட்டுவதும் இதே வித்தைதான். படலம் மிக மெல்லியதாக இருந்தால் மஞ்சள், கொஞ்சம் தடித்தால் செம்பும் ஊதாவும், அதற்கு மேல் நீலம். மேலும் மேலும் ஏறினால் கடைசியில் கறுப்பு. படலத்திலேயே காசின் வெள்ளி கலந்திருப்பதால், திரவத்தில் முக்கிப் படலத்தை எடுத்தால் காசின் தோலும் கூடவே போகும்.

இப்போது கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். காசை நான் கையில் பிடித்துப் பார்க்கவில்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தில் உள்ள வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. மஞ்சள், ஊதா, நீலம் என்று உள்ளிருந்து விளிம்பு நோக்கிப் படிப்படியாகப் போகிறது. காற்று அதிகம் பட்ட இடத்தில் படலம் தடித்திருக்கிறது. அவசரமாகச் சூடேற்றியோ கந்தக மருந்து தடவியோ செய்த நிறம் பெரும்பாலும் இந்த ஒழுங்கில் வராது. திட்டுத் திட்டாக இருக்கும், கீறலுக்குள்ளும் புகுந்திருக்கும், காசின் மீது மிதப்பதுபோலத் தெரியும். இயற்கை நிறத்தில் எழுத்துகளின் ஓரத்தை ஒட்டி நிறம் சற்று விலகி நிற்கும். பூதக்கண்ணாடியில் அதையும் பாருங்கள். நானே ஏமாந்தவன்தான். இளவயதில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பிரிட்டிஷ் வர்த்தக டாலர் வாங்கி வந்தேன். ‘என்ன, காசில் அவித்த முட்டை வாசம் அடிக்கிறது?’ என்று என் மனைவி கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

பிறை வடிவம் எப்படி வந்தது? என் ஊகம் இது. பாட்டியின் டப்பாவில் 1903இன் மேல் 1907 சற்று விலகிப் படுத்திருந்திருக்கிறது. மூடியிருந்த இடம் வெண்மையாகவே இருந்துவிட்டது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரம் மட்டும் நிறம் ஏறியது. இரண்டும் ஒரே அளவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 1903 காசு 26.95 கிராம், பம்பாயில் அடித்தது. அதுவரை இங்கே ஓடிக்கொண்டிருந்த மெக்சிகோ டாலர்களுக்குப் பதிலாக வந்தது. நாம் டாலரை இன்றும் ‘வெள்ளி’ என்கிறோமே, அது நிஜமாகவே வெள்ளியாக இருந்த காலம். 1906இல் இந்த டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். வெள்ளி விலை ஏறியதால், காசை உருக்கி விற்றால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் நிலை வந்தது. அதனால் 1907இல் எடையை 20.21 கிராமாகக் குறைத்து, காசையும் சிறிதாக்கினார்கள்.

கிரேடிங்குக்கு அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. மதிப்பெண் 1 முதல் 70 வரை. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்த கணக்கு அது. 60இலிருந்து மேலே உள்ளவை புழக்கத்துக்கே போகாத காசுகள், ‘எம்எஸ்’ (மின்ட் ஸ்டேட்) என்று போடுவார்கள். உங்கள் அண்ணன் இணையத்தில் பார்த்தது அனேகமாக அந்த ரகமாக இருக்கும். தாடியும் கிரீடமும் தேய்ந்திருந்தால் உங்களுடையது அந்த வரிசையில் வராது. 1903, 1904 காசுகள் கோடிக்கு மேல் அடிக்கப்பட்டவை, அரிதும் இல்லை. கட்டணம், அஞ்சல், காப்புறுதி எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று அண்ணனிடம் கணக்குக் கேளுங்கள். தேய்ந்த காசிலும் நிறம் அழகாக இருந்தால் கூடுதல் தருகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த விலை ஆளுக்கு ஆள் மாறும். மதிப்பீட்டு நிறுவனம் மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டிய காசை நீங்களே வாங்கப்போனாலும் லேபிளை ஓரமாக வைத்துவிட்டுக் காசைப் பாருங்கள். பெட்டியிலேயே போலி வருகிறது. லேபிளில் உள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டு, படத்தோடு ஒப்பிட வேண்டும்.

எடைக்கும் கொடுக்காதீர்கள். 90 விழுக்காடு வெள்ளி என்பதால் 1903 காசில் சுமார் 24 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. அதுதான் அடிமட்ட விலை. விற்றே ஆகவேண்டும் என்றால் நாணயக் கடைகள் இரண்டு மூன்றில் கேளுங்கள், நகைக்கடைக்குப் போகாதீர்கள்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்த டாலர்களுக்குப் போலிகள் ஏராளம். பாட்டியின் டப்பாவிலிருந்து வந்தவை என்பதால் எனக்குப் பெரிய ஐயமில்லை, இருந்தாலும் நகைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், அரை கிராமுக்கு மேல் குறைந்தால் யோசிக்க வேண்டும். அம்மா தேய்த்த காசுக்கு இன்னொரு சோதனையும் செய்யலாம். தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு ஏறக்குறைய 2 கிராம் காட்ட வேண்டும். நிறமுள்ள காசில் இந்த விளையாட்டு வேண்டாம்.

வைப்பதற்கு, கெட்டியான அக்ரிலிக் குப்பிகள் இரண்டு போதும். வளைந்து கொடுக்கும் மெல்லிய பிவிசி உறைகளில் போட்டால் சில ஆண்டுகளில் பச்சைப் பிசின் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள். யார் வீட்டிலாவது கேமரா உலர்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. சாமி அறையில் சாம்பிராணிப் புகைக்குப் பக்கத்தில் வேண்டாம். காசை எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள்.

அம்மாவின் 1907ஐயும் தூரப் போடாதீர்கள். அதைக் காகிதத்தில் வைத்து, காசின் மீது பேனா படாமல் சுற்றி வரைந்து, வட்டத்தைக் கத்தரித்து எடுங்கள். 1903ஐத் தொடாமல், அதற்குச் சற்று மேலே அந்த வட்டத்தைப் பிடித்துப் பாருங்கள். பிறையின் உள்வளைவோடு பொருந்துகிறதா? பொருந்தினால் எனக்கு எழுதுங்கள்.